இரண்டு நொடி ஓடும் வண்டி

காலை எட்டேமுக்கால் ஆனால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கார் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார். சுவர்க் கடிகாரமே அவரைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும், அப்படி ஓர் ஒழுங்கு. கையில் சாவி, சட்டைப்பையில் டெஸ்டர், கக்கத்தில் நீல அட்டை நோட்டு. முன்கதவைத் திறந்து உட்காருவார். சாவியைச் செருகித் திருப்புவார். எஞ்சின் பிடிக்கும். இரண்டே நொடி. பிறகு யாரோ வாயைப் பொத்தினாற்போல் நின்றுவிடும். டாஷ்போர்டில், காருக்குள் பூட்டு வரைந்த படம் ஒன்று சிவப்பாக மினுக் மினுக்கென்று அடிக்கத் தொடங்கும்.

"என்னம்மா இது, செக்யூரிட்டி லைட் அடிக்குது!" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு!"

நேற்றும் அடித்தது. முந்தாநாளும் அடித்தது. நாலு மாதமாக அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

"அப்படியாப்பா? என்னன்னு பாருங்க" என்பாள் மகள், சமையலறை ஜன்னல் வழியாக. தினமும் முதல் தடவை கேட்பவள் போலவே சொல்ல வேண்டும். அதில் அவளுக்குப் பயிற்சி போதாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு கூரியர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே புகார் கேட்பதுதான் அவள் உத்தியோகம். எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்றே தெரியாத பார்சலை, 'வந்துட்டே இருக்கு சார்' என்று தேன் தடவிச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள். நாற்பத்திரண்டு வயதில், அதே குரலை வீட்டுக்குள்ளும் பயன்படுத்த வேண்டி வந்துவிட்டது.

வண்டியில் ஒரு பழுதும் இல்லை. பழுது சாவியில். அதைச் செய்தது அவளேதான்.

அப்பா முப்பத்தைந்து வருஷம் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ஃப்யூஸ் அண்ணன் என்று பெயர். எந்த வண்டி வந்தாலும், முதலாளியே வந்து தலைமேல் நின்றாலும், "முதல்ல ஃப்யூஸைப் பார்ப்போம்" என்றுதான் ஆரம்பிப்பார். கம்பெனியிலேயே திருட்டுத் தடுப்பு வைத்து வரும் கார்கள் புழக்கத்துக்கு வந்த புதிதில் மற்ற மெக்கானிக்குகள் பேயைக் கண்டவர்கள் மாதிரி ஒதுங்கிப் போனார்கள். அப்பா மட்டும் மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மகளுக்கும் மனைவிக்கும் ஒன்றுக்குப் பத்து தடவையாகச் சொன்னார்.

"சாவியோட பிளாஸ்டிக் தலைக்குள்ள அரிசி அளவுக்கு ஒரு சிப் இருக்கும்மா. சாவித் துவாரத்தைச் சுத்தி வளையமா ஒரு கம்பிச் சுருள், காயில்னு பேரு. சாவி உள்ள போனதும் காயில், யார் நீன்னு கேக்கும். சிப் தன்னோட நம்பரைச் சொல்லும். சரியா இருந்தா வண்டி ஓடும். இல்லன்னா ரெண்டு நொடியில பெட்ரோலை நிறுத்திடும். வாட்ச்மேன் மாதிரிதான். மூஞ்சியப் பார்க்க மாட்டான், பாஸ் இருக்கான்னுதான் பார்ப்பான். முதலாளியே வந்தாலும் பாஸ் இல்லன்னா கேட்டைத் திறக்க மாட்டான்."

அவள் அப்போதெல்லாம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் காது எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது, பின்னால் உதவும் என்று.

அம்மா போன மறுவருஷம் அப்பாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் கண்ணாடி, பிறகு அடுப்பு, பிறகு அம்மா போனதே. அப்போதும் வண்டி மட்டும் மறக்கவில்லை. கை தானாகக் கியர் போட்டது, கால் தானாகப் பிரேக் மிதித்தது. அதை நம்பித்தான் அவளும் சும்மா இருந்துவிட்டாள். அந்த நினைப்புக்காக அவள் தன்னைத் தானே திட்டிக்கொள்ளாத நாளில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அப்பா பின்னால் பார்க்காமல் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்தார். பேப்பர் போடுகிறவர் சைக்கிளோடு பின்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டார். முழங்கால் நொறுங்கியது. அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நனைந்த பேப்பர்களின் மேல் ரத்தம் பரவியதை அவள் பார்த்தாள். ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். பேப்பர்காரருக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது என்றாள்.

அப்பா பதறிப்போய் டம்ளரைக் கீழே வைத்தார். "அடப்பாவமே, நம்ம பேப்பர்காரரா? எவன் இடிச்சான்? கண்ணை எங்க வச்சிக்கிட்டு வண்டி எடுக்கிறானுங்க!"

'நீங்கதான்ப்பா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சாவியை ஒளித்து வைத்தாள். அது அதைவிட மோசமாகப் போனது. வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று அப்பா பீரோவைத் தலைகீழாக்கினார், டப்பாக்களைக் கொட்டினார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அங்கிருந்த நல்ல மனிதருக்குத் திருட்டுப் பட்டம் கட்டினார். மூன்றாம் நாள் போலீசுக்குப் போகிறேன் என்று செருப்புகூடப் போடாமல் வெளியேறி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பஸ் டிப்போவில் கிடைத்தார். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. வெளியூரில் இருக்கும் அண்ணன் போனில், "வித்துத் தொலை அதை" என்றான். போனில் சொல்வதற்கென்ன, எதை வேண்டுமானாலும் விற்கலாம். டாக்டர்தான் நிதானமாகச் சொன்னார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல அவர்கிட்டயிருந்து பிடுங்கிடாதீங்க."

அதன் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மதியம், அப்பா தூங்கும்போது, சாவித் தலையின் விளிம்பில் பிளேடை வைத்து மெல்ல நெம்பினாள். சிப் உள்ளங்கையில் வந்து விழுந்தது. தலை வெறுமையாக இருக்க வேண்டாம் என்று, பென்சில் ரப்பரில் ஒரு துண்டு நறுக்கி அந்தக் குழியில் வைத்து ஒட்டினாள். சிப்பைப் பஞ்சில் சுற்றித் தன் கம்மல் டப்பாவில் வைத்தாள். அப்பா சொல்லித் தந்ததை வைத்து அப்பாவையே வாசலில் நிறுத்திவிட்டோமே என்று அன்று முழுதும் சோறு இறங்கவில்லை.

ஆனால் வீடு அமைதியானது. அதைச் சொல்லாமல் விட முடியாது. அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது. காலையில் ஃப்யூஸ் பெட்டி, அப்புறம் பேட்டரி, அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயர்கள் என்று மதியம் வரை போகும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். 'ஃப்யூஸ் எல்லாம் சரி. பேட்டரி பன்னிரண்டரை வோல்ட். எர்த் சரி.' கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஆள் அசந்த நேரம் பார்த்து மக்கர் பண்ணுது, விடமாட்டேன்" என்று இரண்டாம் முறை சோறு கேட்பார். படுத்தவுடன் தூங்குவார். மறுநாள் மீண்டும் ஃப்யூஸிலிருந்து.

மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது, சிப்போடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தெருமுனைக் கடைக்கு முகம் மழிக்கப் போகிற அரைமணியில் அவள் வண்டியைக் கால்மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவாள். பேட்டரி செத்துப்போனால் அப்பா புதிது வாங்கக் கிளம்பிவிடுவாரே.

அப்பா மறந்துபோனவர்தான். ஆனால் முட்டாள் ஆகிவிடவில்லை. அவள் மறந்தது அதைத்தான்.

ஒருநாள் நோட்டின் அட்டையில் பெரிய எழுத்தில், 'முந்தின பக்கங்களைப் படி' என்று எழுதியிருந்தார். தனக்கு நினைவு நிற்பதில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்து, அதற்கும் ஒரு மாற்று ஒயர் இழுத்திருக்கிறார்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வோல்ட்டு. அப்பாவோடு இருபது வருஷம் ஒரே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், ஷாக் அடித்தால்கூடச் சிரிப்பார் என்பதால் அந்தப் பெயர். அப்பாவே அவளுக்குத் தெரியாமல் போன் போட்டு, வண்டியின் கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனரோடு வரச் சொல்லியிருக்கிறார்.

வோல்ட்டு ஸ்கேனரைச் செருகினார். திரையில் வந்த வரியைப் படித்தார். சாவியை வாங்கிப் பார்த்தார், விளிம்பை நகத்தால் தடவினார். பிறகு தலையைத் தூக்கினார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மகள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"கம்ப்யூட்டர் பெட்டி போயிருக்குண்ணே" என்றார் வோல்ட்டு தரையைப் பார்த்து. "ஆர்டர் போட்டாத்தான் வரும். ஆறு மாசம்கூட ஆகலாம்."

"காயில் பார்த்தியா?"

"பார்த்தேண்ணே. எல்லாம் பார்த்துட்டேன்."

கேட் வரை வந்தவளிடம் வோல்ட்டு, "எனக்கு இந்தத் தொழிலச் சொல்லித் தந்த மனுஷன்கிட்டயே புளுக வச்சிட்டியேம்மா" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியாமல் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் அப்பா குளிக்கும்போது நோட்டைத் திறந்து பார்த்தாள். 'வோல்ட்டு வந்தான். பெட்டி போச்சு என்கிறான். பெட்டி போயிருந்தால் இரண்டு நொடிகூடப் பிடிக்காது. என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.'

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தாள். அவர் எழுத்தின் மேல் கை வைக்க மனம் வரவில்லை. அப்பா அன்றாடம் ஆண்டுகொண்டிருக்கிற ஒரே இடம் அதுதான்.

அதற்கடுத்த ஞாயிறு முடிதிருத்தும் கடையில் கரண்ட் போய்விட்டது. அப்பா பாதித் தாடியோடு திரும்பி வந்தார். அவள் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பா பானட்டின் மேல் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதினார்.

மறுநாள் எட்டேமுக்காலுக்கு எஞ்சின் பிடிக்கவில்லை. "என்னம்மா இது" என்ற குரலும் வரவில்லை. ஒன்பது ஆனது. காதில் ஒருவர் தன் பார்சலுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். அவள் ஹெட்போனைக் கழற்றி அப்படியே மேசையில் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, நோட்டின் மேல் இரண்டாகப் பிளந்த சாவி, உள்ளங்கையில் ரப்பர் துண்டு.

"ஏறி உட்காரும்மா. கதவைச் சாத்து."

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"இது என்ன?"

"ரப்பர்ப்பா."

"ரப்பர்னு எனக்கும் தெரியுது. சிப் எங்க?"

தேன் தடவின குரல் அந்த நேரம் பார்த்து எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. "நான்தான்ப்பா எடுத்தேன்" என்றாள்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "பானட் சுடுது. சீட் முன்னாடி தள்ளி இருக்கு. என் சாவியில ரெண்டு நொடிதான் ஓடும், ரெண்டு நொடியில பானட் சுடாது. அப்ப ஓடுற சாவி ஒண்ணு வீட்டுலயே இருக்கு. வண்டியில பழுது இல்ல." நோட்டை மூடினார். "பழுது நான்தானா?"

"அப்பா..."

"எதுக்கு எடுத்த? காரணம் இல்லாம நீ செய்ய மாட்ட. சொல்லு."

சொன்னாள். மழை, பேப்பர்காரர், முழங்கால். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்பாவின் கை மெல்ல நழுவி மடியில் விழுந்தது.

"உயிரோட இருக்காரா?"

"இருக்கார்ப்பா. கோல் வச்சி நடக்கிறார்."

"நான் போய்ப் பார்த்தேனா?"

"மூணு தடவை போனோம்."

"என்ன சொன்னேன் அவர்கிட்ட?"

அதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இடிச்சவனைத் திட்டினீங்க. கண்ணு தெரியாத பயன்னு."

"அவர்?"

"ஒண்ணும் சொல்லலப்பா. நீங்க கொண்டுபோன பழத்தை வாங்கிக்கிட்டார்."

அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா போனபோதுகூட அவர் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. தோளைத் தொட்டாள். அந்தத் தோள் சின்னப் பிள்ளையுடையது மாதிரி ஒடுங்கிப்போயிருந்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு அன்று அடிக்கவே இல்லை.

அழுது ஓய்ந்ததும் அவர் பேனாவைத் திறந்தார். நோட்டில் புதுப்பக்கம் புரட்டி, 'காரணம்' என்று எழுதினார். அதற்கு மேல் எழுதவில்லை.

"எழுதினா நாளைக்குப் படிப்பேன்ல?"

"ஆமாப்பா."

"படிச்சதும் புதுசா இடிக்கும். அந்த ஆளு கத்துனது, பழம் வாங்கிக்கிட்டது, எல்லாம். நாளன்னைக்கும் புதுசா."

அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்தார். முந்தின நாள் பக்கத்தைக் கிழித்தார். வோல்ட்டு வந்த நாளையும் கிழித்தார். அட்டையில் தான் எழுதிவைத்த வரியைப் பார்த்தார். "இது உதவாது. இதே மாதிரி நீல அட்டையில புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. முதல் பக்கத்துல, ஃப்யூஸைப் பார்ன்னு என் கையாலயே எழுதித் தரேன்."

"வேணாம்ப்பா. நான் இனிமே உங்களை ஏமாத்த மாட்டேன். வண்டியை..."

"வண்டிய வித்தா நான் காலையில எங்க போவேன்?" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் முதலாளியையே வாயடைக்க வைத்த குரல். "வேலைன்னு செஞ்சா சுத்தமாச் செய்யணும். நீ அரைகுறையாப் பண்ணியிருக்க. பானட் சுட்டா நான் கண்டுபிடிக்க மாட்டேனா? ஓட்டி முடிச்சதும் பானட்டைத் தூக்கி நிறுத்தி வை, காத்துல ஆறிடும். சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிடு. வோல்ட்டு பயல்கிட்ட, பொய் சொல்றப்ப என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லச் சொல்லு."

அவள் தேம்பிக்கொண்டே தலையாட்டினாள்.

"முக்கியமா இது." ரப்பரைக் காட்டினார். "எந்தச் சாவியையும் நான் காதுகிட்ட ஆட்டிப் பார்ப்பேன். சிப் இருந்தா லேசா ஆடும். ரப்பர் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கும். இவ்வளவு நாள் ஏன் கவனிக்காம விட்டேன்னு தெரியல. உள்ள போய் ஒரு அரிசி எடுத்துட்டு வா. அப்படியே ஒட்டுப் பசையும்."

போய் எடுத்து வந்தாள். நல்ல முழு அரிசியாகப் பொறுக்கி எடுத்தாள், ஏனென்று தெரியவில்லை. அப்பா அதை வாங்கி, சாவித் தலையின் குழியில் வைத்தார். விளிம்பில் பசையை நூல் மாதிரி ஓட்டினார். இரண்டு பாதியையும் சேர்த்து விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் பிரிச்சுப் பார்க்க முடியாதபடி ஒட்டணும்" என்றார். "கொஞ்ச நேரம் இப்படியே பிடிக்கணும். நீ போய் வேலையப் பாரு, ஃபோன்ல யாராவது திட்டிக்கிட்டு இருப்பான்."

அவள் போகவில்லை. பசை காயும் வரை இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு நான் கேட்டா, பொய் சொல்லணும். அழக் கூடாது" என்றார் அப்பா. "சரியா?"

"சரிப்பா."

மறுநாள் எட்டேமுக்காலுக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். கக்கத்தில் புது நோட்டு. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் பிடித்தது. இரண்டு நொடியில் நின்றது.

"என்னம்மா இது, செக்யூரிட்டி லைட் அடிக்குது! நேத்து நல்லாத்தானே இருந்துச்சு!"

அப்பா கதவுக்கு வெளியே தலையை நீட்டி, பதிலுக்காக வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியாப்பா?" என்றாள். "என்னன்னு பாருங்க."

அவர் சாவியை உருவிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். அரிசி ஆடியது. முகம் தெளிந்தது.

"சாவி நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "டார்ச்சை எடுத்துட்டு வாம்மா. முதல்ல ஃப்யூஸைப் பார்ப்போம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டார்ச்சோடு படியிறங்கினாள். அப்பா குனிந்து ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். அவள் வெளிச்சத்தைப் பிடித்தாள்.